சூளை காணாத கிண்ணங்கள்

முப்பத்தோரு கிண்ணங்களையும் சூளையில் வைக்காமல் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் தப்பு. வேறு தப்பு எதுவும் நடக்கவில்லை.

சர்க்கரை ஆலைக் காலனிப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு வருகிற பெற்றோருக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுப்பதுதான் வழக்கம். அந்த வருஷம் புதிதாக வந்த பிலோமினா டீச்சர், பிள்ளைகள் தங்கள் கையாலேயே ஒரு சாமான் செய்து அப்பா அம்மாவுக்குக் கொடுக்கட்டுமே என்று சொல்லி, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தோரு பேரையும் வரிசையாகப் பெரியேரிக் கரைக்குக் கூட்டிப் போய், மேலே கிடக்கிற வண்டல் வேண்டாம், அதற்குக் கீழே இருக்கிற களிதான் வேண்டும் என்று தோண்டவைத்து, நாலு சாக்கில் கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றி, ஆளுக்குச் சரிசமமாகப் பங்கு வைக்க வேண்டும் என்பதால் நேராக ஆலையின் எடைமேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

எடைமேடையில் தணிகாசலம் இருந்தார். கரும்பு லாரியை ஏற்றி எடை பார்ப்பது, காலியாகத் திரும்பும்போது மறுபடி பார்ப்பது, கழித்துச் சொல்வது, இதுதான் அவர் வேலை. பிள்ளைகளுக்கு முன்னால் அவர் மகள் மணிமொழி நின்றாள். ஒன்பது வயசு.

"அப்பா, மண்ணு எடை போடணும்."

"எத்தனை டன்?"

"ஆளுக்கு அரைக் கிலோப்பா."

"இது பத்துக் கிலோவுக்குக் கீழ காட்டாது பாப்பா. யானைய நிறுத்துற மேடை. வேணும்னா உங்க டீச்சர ஏறச் சொல்லு."

பிள்ளைகள் சிரித்தன. பிலோமினா டீச்சரும் விடவில்லை. "நீங்க ஏறுங்க சார் மொதல்ல. முள்ளு நகருதான்னு பாப்போம்" என்றார். தணிகாசலம் ஒல்லி. அதற்கும் சிரித்தன. கடைசியில் கேன்டீனிலிருந்து காய்கறித் தராசை வாங்கி வந்து பங்கு வைத்தார்கள்.

பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கை விரித்து உட்கார்ந்து, மண்ணைப் பிசைந்து, கல்லும் வேரும் பொறுக்கி, உருட்டி, உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றி விலாவைக் கிள்ளி உயர்த்தி, ஒருத்தன் அழுத்திய அழுத்தில் விரல் அடிப்பக்கம் வெளியே வந்து, "டீச்சர், என்னுது புனலு" என்று தூக்கிக் காட்ட, அதை மறுபடி உருட்டி, இப்படியே இரண்டு நாள் போனது. அழகுக்கு என்று புளியங்கொட்டை பதித்தார்கள், உடைந்த வளையல் பதித்தார்கள், கரும்புத் தோகையை அமுக்கி நரம்பு எடுத்தார்கள். மணிமொழி அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையிலிருந்து ஒரு பித்தானைப் பிய்த்துக்கொண்டு போய் விளிம்பைச் சுற்றி நாலு துளைப் பூவாகக் குத்தினாள். அடியில் ஈர்க்குச்சியால் அவரவர் பெயரை எழுதினார்கள்.

பிறகு மழை. மார்கழியில் அப்படி ஒரு மழை. ஆற்றங்கரைக் குயவர் சூளை நனைந்து நாலு நாளாகப் புகையவில்லை, வெள்ளிக்கிழமை ஆண்டுவிழா, ஆலையின் பெரிய அதிகாரி வருகிறார், தேதியை மாற்ற முடியாது. பாய்லர் ஃபோர்மேன் ஜெகவீரன் வழி சொன்னார்.

"சூளை எதுக்கு டீச்சர்? நம்ம பாய்லர் மேடையில அடுக்குங்க. அந்தச் சூட்டுல நானே இருபது வருசமா வெந்துக்கிட்டிருக்கேன். மண்ணு வேகாதா?"

காலனிக்கு பாய்லர் என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. ஈரத் துணியா, பாய்லர் மேடை. வடகமா, பாய்லர் மேடை. நனைந்த பாடப்புத்தகம், இழுத்துக்கொண்ட இடுப்பு, குஞ்சு பொரிக்காத முட்டை, எல்லாவற்றுக்கும் பாய்லர் மேடை. எனவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்தார்கள், தட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருந்தது, மொலாசஸ் தொட்டிக்கு அடித்து மிஞ்சின பச்சையையும் வெள்ளியையும் பூசி, வெள்ளிக்கிழமை மேடையேறி அவரவர் அப்பா அம்மா கையில் கொடுத்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். சங்கதி கேள்விப்பட்ட குயவர் மட்டும், "காஞ்சது வேற, வெந்தது வேற" என்றார். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவரிடம் மேற்கொண்டு யாரும் கேட்கவும் இல்லை.

சித்திரையில் ஜெகவீரன் வீட்டு ஷோகேஸ் கண்ணாடி விரிசல் விட்டது. உள்ளே இருந்த மகனின் கிண்ணம் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போனார். வைகாசியில் அடுத்த வீட்டு அமிர்தவல்லியின் மகள் கிண்ணம் டிவி மேலிருந்து விழப்பார்த்தது, அவள் அதை எடுத்துத் தரையில் வைத்தாள். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உயரம் பார்த்தபோதுதான் கணக்குத் தெரிந்தது: பிள்ளை ஒரு விரற்கடை வளர்ந்தால் கிண்ணத்தின் வாய்ச்சுற்று ஒரு சாண் வளர்கிறது. வளர்கிறது, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டுப் பார்த்தவர்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள். பதில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

காலனி அதற்கு ஏற்றமாதிரித் தன்னைத் திருத்திக்கொண்டது. குழாயடியில் பெண்கள் நூலைக் கொண்டுவந்து சாண் கணக்குச் சொல்லிக்கொண்டார்கள், கிண்ணம் மந்தமாக வளர்ந்த வீட்டில் பிள்ளைக்கு முட்டையும் வேர்க்கடலையும் கூடுதலாகக் கிடைத்தது, தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மா தராசைப் பையிலேயே வைத்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார், தொழிற்சங்கம் தன் கோரிக்கை மனுவில் ஒன்பதாவதாக, குடியிருப்பு ஒவ்வொன்றிலும் கிண்ணத்துக்கு ஈரம் ஏறாத சிமெண்ட் மேடை வேண்டும் என்று சேர்த்து, கேட்டதில் அது ஒன்றைத்தான் வாங்கியும் காட்டியது. ஈரம்தான் எல்லாருக்கும் பயம். வேகாத மண் தண்ணீர் பட்டால் கரையும். கிண்ணம் கரைந்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா ஆகாதா என்று தெரியாது, சோதித்துப் பார்க்கிற துணிச்சல் எந்தத் தாய்க்கும் இல்லை. குயவரும் கைவிரித்துவிட்டார். "இப்பச் சுட்டா வளர்றது நின்னுடும். கூடவே உங்க புள்ளையும் நின்னுட்டா எவன் ஜவாப்பு?" என்றார். கிண்ணமிருக்கிற அறையில் சொம்பு வைப்பதில்லை, தலை துவட்டுவதில்லை, அழுதால்கூட எழுந்து கூடத்துக்கு வந்துதான் அழுவது.

எலெக்ட்ரீஷியன் மகன் பத்து வயசில் பம்பாய்க்கு ரயிலேறி ஓடிப்போனான். போலீஸ் தேடவில்லை. அவன் அம்மா தினம் காலையில் நூலைப் போட்டுப் பார்த்தாள். "வளந்திருக்கு. எங்கியோ சாப்புடுறான்" என்பாள். மூன்று மாசம் கழித்து அவன் திரும்பி வந்தபோது, வாசலில் நின்ற உயரம் அவள் நூலுக்குச் சரியாக இருந்தது. அன்றிலிருந்து காலனியில் இது சட்டம்: கிண்ணம் வளர்ந்தால் பிள்ளை இருக்கிறது.

மணிமொழி அடுத்த வருஷம் கார்த்திகையில் செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் இல்லை. சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, ஆற்றங்கரையில் புதைத்தார்கள். தணிகாசலம் ஆறாம் நாள் வேலைக்குப் போனார். அந்த வருஷம் கரும்பு அரவை முன்னாலேயே தொடங்கியிருந்தது, லாரிகள் நின்றன, ஏற்றி இறக்கிக் கழித்துச் சொன்னார். அழுகை வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தார். வரவில்லை. கையைக் கிள்ளிப் பார்த்தார், கேன்டீன் டீயை ஆறவைக்காமல் குடித்துப் பார்த்தார், நாக்கில் தோல் உரிந்ததே தவிரச் சூடு தெரியவில்லை. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டார்.

முப்பதாம் நாள் படையலுக்கு வந்த அமிர்தவல்லி கிண்ணத்துக்கு முன்னால் நின்றாள். நூல் எடுத்தாள். இரண்டு தரம் போட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, வளந்திருக்கு."

"எது?"

"மணிமொழி. கால் சாணுக்குக் கொஞ்சம் கொறைவா."

வீட்டில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தணிகாசலத்தின் மனைவி புஷ்பவேணி அடுப்படியில் நின்று கேட்டாள். இளையவள் நித்யகலாவுக்கு அப்போது ஐந்து வயசு, படையல் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா வந்துருச்சா?" என்றாள்.

காலனிக்கு இதில் பெரிய குழப்பம் வரவில்லை. சட்டம் சட்டம்தான். பம்பாய்ப் பையனுக்கு ஒரு நியாயம், தணிகாசலம் மகளுக்கு ஒரு நியாயம் என்று பேச முடியாது. மணிமொழி இந்த வருஷம் ஏழாவது, மணிமொழி இந்த வருஷம் எட்டாவது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லத் தொடங்கினார்கள், பொங்கலுக்கு ஆலை கொடுக்கிற இனாம் சர்க்கரையில் அவள் பங்கும் வந்தது, ஜவுளி மூட்டைக்காரன் வாசலில் இறக்கிப் பிரித்தால் "பெரியவளுக்கு எது?" என்று கேட்டு எடுத்துப் போட்டான். இதெல்லாம் புஷ்பவேணிக்காகத்தான் என்றார்கள். பாவம், பெத்தவ. அவ மனசு நோகக் கூடாது. தணிகாசலமும் அதையேதான் சொன்னார். "எனக்கு என்ன இருக்கு இதுல. அவளுக்காகத்தான்."

புஷ்பவேணியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் தினமும் காய்ந்த துணியால் கிண்ணத்தைத் துடைத்தாள். துடைப்பதைப் பார்த்தவர்கள், பார்த்தியா என்றார்கள்.

ஐந்தாம் வருஷம் ஆடி வெள்ளியன்று கிண்ணத்தின் பச்சைப் பெயிண்ட் மொத்தமாக உரிந்து விழுந்தது. அமிர்தவல்லி வந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு, "உங்க மச்சானுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

"பெயிண்ட் உரிஞ்சதுக்கெல்லாமா தாய்மாமனுக்குச் சொல்லுவாங்க?" என்றார் ஜெகவீரன்.

"நீங்க பாய்லரப் பாருங்கண்ணே. பொம்பள விசயம்."

புஷ்பவேணியின் தம்பி வேதமூர்த்தி இருபத்தோரு தட்டுச் சீரோடு வந்து இறங்கினான். தென்னை ஓலையில் குச்சு கட்டினான். வாய்ச்சுற்று பத்துச் சாண் இருந்த கிண்ணத்துக்குப் பட்டுப்பாவாடை சுற்றினார்கள், மஞ்சள் நீர் ஊற்ற வழியில்லை என்பதால் மஞ்சள் பொடியைத் தூவிக் கையை எடுத்துக் கும்பிட்டார்கள், காலனி முழுக்க வந்து சாப்பிட்டுவிட்டு, வத்தக்குழம்பில் உப்புத் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனது. தணிகாசலம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிமொழி குத்தின பித்தான் பூக்கள் ஒவ்வொன்றும் தாம்பாளம் அளவுக்கு விரிந்து, ஒவ்வொன்றிலும் நாலு துளை, துளைக்குள் கை போகும். புஷ்பவேணி ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பார்த்தியா என்றார்கள்.

வீட்டில் இரண்டே அறை. ஒன்று அக்கா ரூம் ஆனது. நித்யகலா கூடத்தில் தையல் மிஷினுக்குக் கீழே படுத்தாள், அங்கேயே படித்தாள், கால் நீண்டபோது மிஷினின் மிதி இடித்தது, ஒருக்களித்துப் படுக்கப் பழகிக்கொண்டாள். ஐப்பசி வந்தால் தணிகாசலம் கூரை மேலேறித் தார்ச்சீட்டைப் பிரித்துப் புதிதாகப் போட்டார், அதற்கு மேல் தார்ப்பாய், அதற்கு மேல் மணல் மூட்டை, ஒழுகுகிறதா என்று மழை பெய்கிற பகல் முழுவதும் அக்கா ரூமில் முக்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருஷத்தில் அவர் லீவு போட்டது மழைக்கு மட்டும்தான். நித்யகலாவின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போடவில்லை. அவள் பன்னிரண்டாவதில் பள்ளியில் முதலாவதாக வந்த அன்றும் போடவில்லை.

பதினெட்டு வயசில் எல்லாருடைய கிண்ணமும் வளர்ச்சி நின்றது, மணிமொழியுடையதும் நின்றது. பதினைந்து சாண். அந்த வகுப்புப் பெண்கள் கல்யாணம் ஆகிப் போகும்போது கிண்ணத்தை டிராக்டரில் ஏற்றி வாழைக்கன்று கட்டி வெயில் நாளாகப் பார்த்துக் கொண்டுபோனார்கள், அதற்காக ஆலையின் கட்டடப் பிரிவு வாசற்கதவைப் பெயர்த்து மறுபடி வைத்துக் கொடுத்தது, பையன்கள் வீட்டில் கிண்ணம் நெல் கொட்ட உதவியது. ஒவ்வொன்றாக அவரவர் வழியில் போனது. தணிகாசலம் வீட்டுக் கதவை யாரும் பெயர்க்கவில்லை.

நித்யகலாவுக்கு இருபத்தொன்று ஆனபோது முதல் வரன் வந்தது. பலகாரம் சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்துவிட்டது என்று சொல்லி, தாம்பூலத் தட்டு எடுக்கப் போன நேரம் தணிகாசலம் சொன்னார்:

"மூத்தவ இருக்கா. மூத்தவ இருக்கும்போது எளையவளுக்குச் செய்யற வழக்கம் எங்கள்ல இல்ல."

வந்தவர்கள் அக்கா ரூமை எட்டிப் பார்த்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாவது வரனுக்கும் அதைத்தான் சொன்னார். காலனி யோசித்துப் பார்த்தது. அவர் சொல்வதில் பிசகில்லை. சடங்கு சுற்றிச் சீர் வாங்கின பெண் வீட்டில் இருக்க, இளையவளை எப்படி அனுப்புவது? வேதமூர்த்தி மட்டும் ஒரு வழி சொன்னான்.

"மாமா, செவ்வாய் தோசத்துக்கு வாழ மரத்துக்குத் தாலி கட்டறதில்லையா? அந்த மாதிரி மூத்தவளுக்கு ஒரு கன்னு பாத்து முடிச்சுடலாம். ரெண்டு நாள் வேல."

"எம்பொண்ண வாழ மரத்துக்குக் குடுக்க மாட்டேன்."

"பூவன் வாழ மாமா. நல்ல ஜாதி."

"போடா."

மூன்றாவது வரன் தானாக வந்தான். குணாளன். விருத்தாசலத்தில் மருந்துக்கடை. நித்யகலா ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்த பஸ்ஸில் பழக்கம். எடைமேடைக்கே நேராக வந்து லாரிகளுக்கு நடுவில் நின்றான்.

"சார், நான் நித்யாவ..."

"வண்டிய மேடையவிட்டு எறக்குங்க தம்பி."

அவனுடைய மோட்டார் சைக்கிள் எடைமேடை மேல் நின்றது. இறக்கிவிட்டு வந்து மறுபடி சொன்னான். தை முடிவதற்குள் பதில் வேண்டும், அதற்கு மேல் தன் வீட்டில் காத்திருக்க மாட்டார்கள், அத்தை மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். தணிகாசலம் கேட்டுக்கொண்டார். அடுத்த லாரியை ஏறச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நித்யகலா அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சத்தம் போடுகிற பெண் இல்லை அவள்.

"அப்பா, அக்கா வளர்றது நின்னு பத்து வருசம் ஆச்சு. எனக்குத்தான் வயசு ஏறுது."

"உங்கம்மாவ நெனச்சுப் பாரு."

"அம்மாவ நான் தெனமும் பாக்கறேம்ப்பா. நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

தணிகாசலத்துக்கு இந்தப் பேச்சு எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடுவதுபோல இருந்தது. மகள் அழுதாள். அழுதுகொண்டே எழுந்து கிண்ணத்தைவிட்டுத் தள்ளி வாசலுக்குப் போனாள். பழக்கம்.

தையில் இருபத்திரண்டு நாள் போய்விட்டது. அரவை உச்சத்தில் இருந்தது, லாரிகள் ஏரிக்கரை வரைக்கும் நின்றன. காலையில் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தணிகாசலத்துக்குப் புஷ்பவேணி சட்னி போட்டாள்.

"குணாளன் வீட்டுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? மூத்தவ இருக்கா."

"மூத்தவளுக்கு மொதல்ல செஞ்சுட்டா?"

"எவன் வருவான் வேணி?"

"ஆள் வரலேன்னா என்ன. நலங்கு வெக்கலாமில்ல. பொண்ணுக்கு உண்டானத நாம செஞ்சுட்டதா இருக்கும்."

"வெச்சுக்க. என்ன எதுக்குக் கேக்கற?"

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். ஒரு சடங்கு நடந்தது, இன்னொரு சடங்கு நடக்கட்டும், மஞ்சள் பொடி தூவுவார்கள், குங்குமம் வைப்பார்கள், அவளுக்கு ஒரு ஆறுதல். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

பத்து மணிக்குக் காலனிப் பெண்கள் தாம்பாளத்தோடு எடைமேடையைத் தாண்டிப் போனார்கள். சந்தனம், நலங்குமாவு, நல்லெண்ணெய். அமிர்தவல்லி நின்று, "பெரியவளுக்கு இன்னைக்காவது முடிஞ்சுதேண்ணே" என்றாள். அவர் தலையாட்டினார். பதினொன்றரைக்கு ஒரு லாரியை ஏற்றி நிறுத்தினார். டிரைவர் இறங்கிச் சோம்பல் முறித்தான்.

"என்னண்ணே, வீட்ல விசேசம் வெச்சுக்கிட்டு நீ இங்க நிக்கற?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கமாத்தான வந்தேன். வாசல்ல பெரிய அண்டாவுல தண்ணி காயுது. வேப்பில போட்டு, மஞ்சள் போட்டு. கமகமன்னு."

தணிகாசலம் முள்ளைப் பார்த்தார். முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் அவர் நடக்கத் தொடங்கியிருந்தார். லாரி மேடை மேலேயே நின்றது, பின்னால் நின்ற நாற்பது வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், இருபத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் எடை போடாமல் அவர் விட்டுவிட்டு வந்த வண்டி அது ஒன்றுதான். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. எடுக்கவில்லை.

தெருவுக்குள் திரும்பும்போதே வாசலைப் பார்த்தார். படிக்கட்டில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. களித் தண்ணீர். மஞ்சளும் எண்ணெயும் மேலே மிதக்க, கெட்டியாக, சாவகாசமாக, கோலத்தை மூடிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் வெளியே நின்றார்கள். ஜெகவீரன் பனியனோடு ஓடிவந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார். நித்யகலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரைக்கும் சேறு.

"நீயா?" என்றார் தணிகாசலம். "நீயா ஊத்தின? ஒன்னாலதான?"

"நான் தடுத்தேம்ப்பா" என்றாள் நித்யகலா. "ரெண்டு கையாலயும் பிடிச்சேன். கையோட வந்துருச்சு."

அவர் உள்ளே போனார். கூடத்தில் கணுக்கால் அளவு. அக்கா ரூமில் தாயின் இடுப்பு உயரம் நின்றிருந்த கிண்ணம் சிமெண்ட் மேடை மேல் தோள் தொய்ந்து, பிறகு இடுப்பு தொய்ந்து, தாம்பாளப் பூக்கள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கி, ஒரு பூவில் நாலு துளையும் ஒரே துளையாகி, அதுவும் மூடிக்கொண்டது. தணிகாசலம் மண்டியிட்டுக் குவியலை அணைத்துச் சேர்க்கப் பார்த்தார். சேர்க்கச் சேர்க்க விரலிடுக்கில் வழிந்தது. ஊற்றினது சுடுதண்ணீர், அதற்கு அடியில் ஏரியின் அடிமண், பத்தொன்பது வருஷமாக வெளிச்சம் படாத உள்பக்கம்.

"குளுருது" என்றார்.

கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே விட்டார்.

"கை குளுருது வேணி."

"குளுரும்" என்றாள் அவள். குடத்தில் மிச்சமிருந்ததையும் நிதானமாக, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிறமாதிரி ஒரு கையால் மறைத்துக்கொண்டு ஊற்றி முடித்தாள். குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், முகமெல்லாம் களி ஆனது. "தலைக்கு ஊத்தியாச்சு. மூத்தவளுக்கு ஆச்சு. எந்திரிச்சுக் கை கால் கழுவிக்கிட்டு விருத்தாசலத்துக்குப் போயி அந்தப் பையன் வீட்டுல சொல்லிட்டு வாங்க. பஸ்ஸு ஒன்னே காலுக்கு."

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் வெளியே நின்ற பெண்கள் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள், அமிர்தவல்லி மண்ணை அன்னக்கூடையில் அள்ளத் தொடங்கினாள், எடைமேடைப் பக்கம் ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. ஒன்றேகால் பஸ்ஸைப் பிடித்தார், சட்டையைக்கூட மாற்றவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்தபோதுதான் அவர் அழுவது பஸ்ஸுக்குத் தெரிந்தது.

முப்பது கிண்ணங்கள் அதது அதன் பாட்டில் போய்ச் சேர்ந்தன. முடியாமல் நின்ற ஒன்றை முடித்து வைத்தவள் டீச்சர் இல்லை, குயவர் இல்லை, நித்யகலாவும் இல்லை. அத்தனை வருஷமும் அவளுக்காகத்தான், அவளுக்காகத்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த அவள்தான், புஷ்பவேணி.